தமுக்கடித்தவனுக்கு ஏது நாணயம்?

ஒரு காலத்தில் கிராமத்தில் ஜப்தி என்றால் அமீனாவோடு தமுக்கும் வரும். இது வெறும் ஊர் வழக்கம் இல்லை, சட்டம். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21-ஆம் கட்டளை, 54-ஆம் விதி: நிலத்தையோ வீட்டையோ ஜப்தி செய்தால் அந்தச் சொத்தின் அருகிலேயே தமுக்கடித்தோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும்.

புரோநோட்டு எழுதிக் கொடுத்தவன் கட்டவில்லை என்றால் தாவா, டிகிரி, ஜப்தி, ஏலம். தமுக்குச் சத்தம் கேட்ட பிறகு அவனுக்கு எவனும் கைமாத்துகூடக் கொடுக்க மாட்டான். "நாணயம் போச்சுடா" என்பார்கள். தமிழில் காசுக்கும் நாணயம்தான் பேர், சொன்ன சொல் தவறாமைக்கும் நாணயம்தான் பேர்.

அந்தத் தமுக்கை அடித்தவன் யார்? சேரியிலிருந்து கூப்பிட்டு வரப்பட்ட நம் பாட்டன். அவன் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரின் நாணயம் போனதை ஊருக்குச் சொன்னான். அவன் பேரில் டிகிரி ஆகவில்லை. அவனுக்குக் கடன் இல்லையா? இருந்தது. ஜப்தி செய்யத்தான் ஒன்றும் இல்லை. அவன் ஈடு வைத்தது உடம்பை. அதற்குக் கோர்ட்டு எதற்கு?

1843-இல் ஐந்தாம் சட்டம் வந்தது. அடிமையைச் சொத்து என்று சொல்லி இனி எந்தக் கோர்ட்டிலும் உரிமை கேட்க முடியாது என்றது. ஆண்டைகள் கலங்கவில்லை. கல்யாணத்துக்கு, சாவுக்கு, பஞ்சத்துக்குக் கொடுத்த கடன் அடிமை ஓலையின் வேலையைச் செய்தது. 1859-இல் பதின்மூன்றாம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய வேலையாள் வேலைக்கு வராவிட்டால், பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலை செய் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. தோட்ட முதலாளிகளுக்கு நல்ல ஆயுதம் கிடைத்தது. 1925-இல்தான் இதை ரத்து செய்தார்கள். நிலம் உள்ளவன் கடன் தவறினால் சிவில் வழக்கு. கூலிக்காரன் தவறினால் குற்றம்!

1938-இல் ராஜாஜி மந்திரிசபை சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்திருந்த வட்டிப் பாக்கி தள்ளுபடி. டிகிரி ஆகியிருந்தாலும் கோர்ட்டு அதைத் திருத்தித் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் 'விவசாயி' யார்? விவசாய நிலத்தில் பாத்தியதை உள்ளவன். நிலமே இல்லாமல் அதே வயலில் சேறு மிதித்தவன் அந்தக் கணக்கில் விவசாயி இல்லை.

நம்மைக் கணக்கில் எடுத்த சட்டம் 1976-இல் வந்தது: கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக் கடன் செத்தது. அதை வசூலிக்க வழக்குப் போட முடியாது. முன்பே ஆன டிகிரியில் பாக்கி இருந்தாலும் முழுக்கத் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும். அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவனுக்கே. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கட்ட வழியில்லாத ஏழையை டிகிரிக் கடனுக்காகச் சிறையில் தள்ளுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றார். கோர்ட்டுக் கணக்கு தீர்ந்தது. ஆண்டை வாயிலிருந்த கணக்கு தீர்ந்ததா? "அவனா? வாங்கிட்டு ஓடிப்போற பய" என்ற பேச்சை எந்தச் சட்டம் ரத்து செய்தது?

இன்றைக்குத் தமுக்கு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 2000-இல் சிபில் நிறுவனம், 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். 300-லிருந்து 900 வரை நமக்கு மார்க் போடுகிறார்கள். பேங்க் வழக்குப் போட்டால் 'வழக்குத் தொடரப்பட்டது' என்று அறிக்கையில் ஏறும். பேரம் பேசிக் குறைத்துக் கட்டினாலும் முழுதாகக் கட்டி முடித்தவனுக்குச் சமமாக வைக்க மாட்டார்கள். குழுக் கடன் வாங்கும் நம் பெண்கள் பேரும் அங்கே ஏறுகிறது. கடனே வாங்காதவனுக்கு மார்க்கே கிடையாது. "உங்களுக்குக் கடன் வரலாறு இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவன் கந்துவட்டிக்காரனிடம் போகிறான்.

வரலாறு இல்லையாம்! நூற்றைம்பது வருஷம் உடம்பால் வட்டி கட்டியவனுக்கு வரலாறு இல்லையாம்!

தோழர்களே, நம் பேரில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே பார்க்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமும் முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 2024-இல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. நம் பாட்டன் தமுக்கடித்தான், அந்த நோட்டீஸில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குப் படிக்கத் தெரியாது. நமக்குத் தெரியும். படிப்போம்.