குலவளையம் குலத்தைக் காட்டிக் கொடுக்குமா?

நான்கே உறுப்புகள் கொண்ட குலங்கள் எத்தனை வகைப்படும்? இரண்டே வகை என்று 1854ஆம் ஆண்டில் எழுதினார் ஆர்தர் கேலி. அந்நாளில் அவர் லண்டனில் வழக்கறிஞர். பத்திரங்கள் எழுதியது போக எஞ்சிய பொழுதிலேயே கணிதம் எழுதினார் என்பதை மாணவர்கள் கருதுதல் நன்று.

முதல் வகையில் அ என்னும் ஓர் உறுப்பின் அடுக்குகளே குலம் முழுவதும்: 1, அ, அ², அ³; பின் அ⁴ = 1. வண்டிச் சக்கரத்தைக் காற்சுற்றுக் காற்சுற்றாகத் திருப்புவது போன்றது இது. இரண்டாம் வகையில் 1, அ, இ, அஇ என நான்கு உறுப்புகள். எதனை வர்க்கப்படுத்தினும் 1 கிடைக்கும். இரண்டும் பரிமாற்றுக் குலங்களே. ஆயினும் அமைப்பு வேறு.

அதே கட்டுரையில் கேலி மற்றொரு வழியும் காட்டினார். குலத்தின் உறுப்புகளுக்கு எண்களைக் கெழுக்களாகக் கொடுத்துக் கூட்டலாம். பெருக்கலைக் குலத்தின் விதிப்படி செய்யலாம். இவ்வாறு பிறப்பதே குலவளையம். இனி வினா இது: குலத்தை மறைத்துவிட்டு, வளையத்தை மட்டும் ஒருவர் நம் கையில் கொடுத்தால், மறைந்த குலம் எதுவென்று சொல்ல இயலுமா?

கெழுக்கள் எவ்வகை எண்கள் என்பதைப் பொறுத்தது விடை. கலப்பெண்களைக் கெழுக்களாகக் கொண்டால் தோல்வியே. முதல் வளையத்தில் அ என்பதற்கு ஈடாக 1, −1, வர்க்கம் −1 ஆகும் கற்பனை எண்கள் இரண்டு என நான்கையும் முறையே இட்டால், ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு மதிப்புகள் கிடைக்கும். அந்நான்கிலிருந்து கெழுக்களை மீட்டுக்கொள்ளலாம். இரண்டாம் வளையத்தில் அ, இ இரண்டுக்கும் ±1 இட்டால் அங்கும் நான்கு மதிப்புகளே. ஆக இரு வளையங்களும் நான்கு கலப்பெண்களின் வரிசை என்ற ஒரே உருவை எய்திவிடும். எங்கள் வட்டக்கானலில் பனிமூட்டம் இறங்கினால் டால்பின் மூக்குப் பாறையும் தெரியாது, கீழே பெரியகுளத்துச் சமவெளியும் தெரியாது. எல்லாம் ஒரே வெண்மை. கலப்பெண்கள் செய்யும் வேலை அத்தகையது.

விகிதமுறு எண்களுக்கு வருவோம். மூட்டம் கலைகிறது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வளையத்தில் உ = (அ − அ³)/2 என்க. வர்க்கப்படுத்தினால் உ² = (அ² − 1)/2. மீண்டும் உ-வால் பெருக்கினால் உ³ = −உ. உ பூச்சியம் அன்று என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் வளையமோ நான்கு விகிதமுறு எண்களின் வரிசை; அங்கு உ³ = −உ எனில் ஒவ்வொரு மதிப்பும் தன் கனத்தின் எதிர்மறை ஆதல் வேண்டும். பூச்சியத்தைத் தவிர எந்த விகிதமுறு எண்ணும் அவ்வாறு அமையாது. ஆகவே இரு வளையங்களும் வேறு. ஒரே சமன்பாட்டில் வழக்கு முடிந்தது!

இது நான்கு உறுப்புகளுக்கு மட்டும் நேர்ந்த தற்செயலா? 16 உறுப்புகள் கொண்ட பரிமாற்றுக் குலங்கள் 5 வகை. 16 என்பது 2⁴. 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வழிகளில் பிரிக்கலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குலம். எண்களைப் பிரிக்கும் வழிகள் என்றதும் கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் நினைவுக்கு வராமற்போகார். 200 என்னும் எண்ணைப் பிரிக்கும் வழிகள் 39,72,99,90,29,388. 1918இல் அவரும் ஹார்டியும் வெளியிட்ட சூத்திரம் இத்தொகையோடு ஒத்துவந்தது அறிஞர் உலகை வியக்கவைத்தது. எனவே 2²⁰⁰ உறுப்புகள் கொண்ட பரிமாற்றுக் குலங்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் கோடி வகை. கலப்பெண் வளையத்தில் அத்தனையும் ஒன்றே. விகிதமுறு வளையத்தில் ஒன்றுகூட மற்றொன்றோடு கலவாது. எல்லா முடிவுறு பரிமாற்றுக் குலங்களுக்கும் இது பொருந்தும் என 1950இல் பெர்லிஸ், வாக்கர் ஆகிய இருவரும் நிறுவினர்.

முழுக்களையே கெழுக்களாகக் கொண்டால் நிறுவல் இன்னும் அழகியது. 1940இல் கிரஹாம் ஹிக்மன் கண்டது இது: பரிமாற்றுக் குலத்தின் முழு எண் வளையத்தில், எந்த உறுப்பின் ஏதோ ஓர் அடுக்கு 1 ஆகிறதோ, அது குலத்தின் உறுப்பாகவோ அதன் எதிர்மறையாகவோதான் இருக்கும். வேறெதுவும் அங்கே ஒளிந்திருக்க முடியாது. அவற்றுள் கெழுக்களின் கூட்டுத்தொகை 1 ஆகும் உறுப்புகளைப் பொறுக்கினால் குலம் கையில் வந்துவிடும். என் கருத்தில் பட்டப்படிப்பு மாணவர் இதனை முதலில் கற்பது நலம்.

பரிமாற்று விதி நீங்கினால் கதை கடினமாகிறது. எல்லாக் களங்களிலும் ஒத்த வளையங்கள் உடைய, ஆனால் தம்முள் வேறான இரு குலங்களை 1971இல் டேட் காட்டினார். முழுக்களேனும் காப்பாற்றும் என்ற நம்பிக்கையை 2001இல் ஹெர்ட்வெக் தகர்த்தார்; அவர் கண்ட குலத்தின் உறுப்புகள் 2²¹ × 97²⁸.

எஞ்சியது ஒரு வினா. உறுப்புகளின் எண்ணிக்கை ஒரு பகா எண்ணின் அடுக்காகவும், கெழுக்கள் அப்பகா எண்ணால் வகுத்த மீதிகளாகவும் இருந்தால்? பரிமாற்றுக் குலங்களுக்கு வளையம் குலத்தைக் காட்டும் என்று 1956இல் டெஸ்கின்ஸ் நிறுவியிருந்தார். பிற குலங்களிலும் எவ்வளவு பகுதியை மீட்கலாம் என 1972இல் நம் நாட்டவரான இந்தர் பீர் சிங் பாசியும் சுதர்சன் சேகலும் ஆராய்ந்து எழுதினர். எல்லாப் பகா எண்களுக்கும் அது பொருந்தாது என்பது 2022இல் தெரியவந்தது: கார்சியா-லூகாஸ், மார்கோலிஸ், டெல் ரியோ ஆகிய மூவர், 512 உறுப்புகள் கொண்ட இரு வேறு குலங்கள் ஒரே வளையத்தைத் தருவதைக் காட்டினர்.