212 சென்டிமீட்டரும் ஒரு கல்யாணக் கேள்வியும்

விராலிமலையிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான். சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ யாரையாவது வழியனுப்ப அங்கே போய் நிற்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. ஆனால் விமானத்துக்கு உள்ளேயே வேலை பார்க்கலாம் என்கிற பேச்சு இப்போதுதான் காதில் விழுகிறது. எங்கள் தெருவில் பி.எஸ்சி. முடித்த ஒரு பெண் கேபின் குரூ இன்டர்வியூவுக்குத் தயாராகிறாள். சுவரில் 212 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டு, நுனிக்காலில் எம்பி எம்பித் தொட்டுப் பார்க்கிறாள். எமிரேட்ஸ் கேட்கிற அளவு அது.

"உயரந்தான் கேட்டுட்டாங்களே சித்தப்பா, அப்புறம் கை எட்டுறது எதுக்கு?" என்றாள்.

அதற்குப் பதில் சுலபம். தலைக்கு மேலே இருக்கிற பெட்டிகளில் பயணிகளின் பை மட்டும் இருப்பதில்லை. அவசரத்துக்கான சாமான்களும் அங்கேதான் இருக்கும். புகை வரும்போது ஸ்டூல் தேட முடியாது. சரி, மற்ற நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன என்று தேடப் போனேன். அதில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்பு.

1930 மே 15. அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற நர்ஸ் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் உலகின் முதல் பணிப்பெண்ணாகப் பறந்தார். விமானம் ஓட்டத் தெரிந்தவர். பைலட் வேலைதான் கேட்டார், கிடைக்கவில்லை. 'நர்ஸ் ஒருத்தி கூட இருந்தால் ஜனங்களுக்குப் பயம் தெளியும்' என்று அவரே சொன்ன யோசனைதான் இந்த வேலை. முதலில் எடுத்த எட்டுப் பேருமே நர்ஸ்கள். வயது 25-க்குள், எடை 115 பவுண்டுக்குள் (52 கிலோ), உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. கவனியுங்கள், அன்று உயரத்துக்கு *மேல்* வரம்பு. கேபின் அவ்வளவு சின்னது. இன்று அதே கட்டத்தில் *கீழ்* வரம்பு இருக்கிறது. விமானம் மாறியதும் அளவும் மாறிவிட்டது, நியாயம்தான்.

ஆனால் கல்யாணம்? தாலிக்கும் விமானத்தின் அளவுக்கும் என்ன சம்பந்தம்?

நம்மூர் ஏர் இந்தியாவிலும் இதே கதை. அதன் பணி விதி 46-இன்படி ஏர் ஹோஸ்டஸ் 35 வயதில் ஓய்வு பெறவேண்டும். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் அப்போதே போகவேண்டும். முதல் தடவை கர்ப்பமானாலும் போகவேண்டும். மூன்றில் எது முந்துகிறதோ அது. 35-க்குப் பிறகு மேனேஜிங் டைரக்டர் மனசு வைத்தால் வருஷா வருஷம் நீட்டித்து 45 வரை விடலாம். அதே கேபினில் வேலை பார்த்த ஆண்களுக்கு 58.

நர்கேஷ் மீர்சா உள்ளிட்ட பணிப்பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி முர்தஸா ஃபஸல் அலி. கூட இருந்த இருவரில் ஒருவர் நம் தமிழ்நாட்டு ஏ. வரதராஜன், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதி.

கர்ப்பமானால் வேலை இல்லை என்ற விதி இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்று கோர்ட் அதைத் தூக்கி எறிந்தது. மேனேஜிங் டைரக்டரின் இஷ்டப்படி நீட்டிப்பதும் ரத்து. பயணிகளின் ரசனைக்காக வைக்கிற காட்சிப் பொம்மைகளா இவர்கள் என்ற பொருளிலும் கேட்டது. இதுவரை கை தட்டலாம்.

கல்யாண விதியை மட்டும் கோர்ட் தொடவில்லை. பத்தொன்பது வயதில் சேருகிறவள் இருபத்து மூன்றில் கல்யாணம் செய்தால் பக்குவம் இருக்கும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நல்லது, பயிற்சிச் செலவும் வீணாகாது என்று காரணம் சொன்னது. மூன்றாவது கர்ப்பத்தில் வேலையை விட்டு அனுப்பலாம் என்ற மாற்று யோசனையையும் நல்லதென்றே பார்த்தது. எனக்கு இது செரிக்கவே இல்லை. நாட்டின் ஜனத்தொகைக் கவலையை ஏர் ஹோஸ்டஸ் தலையில் மட்டும் கட்டுவானேன்? பக்கத்தில் தட்டு எடுத்துக்கொண்டு போகிற ஆணுக்கு அந்தக் கவலை கிடையாதா?

பத்து வருஷத்துக்கு முன்பே, 1971-இல், அமெரிக்காவில் ஒரு தலைகீழ் வழக்கு முடிந்திருந்தது. ஆண் என்பதால் பான் ஆம் வேலை தரவில்லை என்று செலியோ டயஸ் என்பவர் போனார். பெண்கள்தான் பயணிகளை நன்றாக ஆறுதல்படுத்துவார்கள் என்றது கம்பெனி. விமான கம்பெனியின் மூல வேலை ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம் என்று அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கொண்டை, மேக்கப், சிரிப்பு எல்லாம் வேண்டியதுதான், அதற்கு மார்க் உண்டு. ஆனால் 'ஏன் இந்த வேலை?' என்று கேட்டால் 'ஊர் சுற்றப் பிடிக்கும்' என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடிக்குள் விமானத்தைக் காலி செய்ய முடியும் என்று காட்டினால்தான் ஒரு பெரிய விமான மாடலுக்கு அனுமதியே கிடைக்கும். அந்த 90 விநாடிக்குத்தான் கேபின் குரூ. 1986 செப்டம்பர் 5-ஆம் தேதி கராச்சியில் கடத்தல்காரர்கள் சுட்டபோது நீர்ஜா பனோட் அவசரக் கதவைத் திறந்து பயணிகளை வெளியே அனுப்பினார். அவரும் ஒரு தடவை இப்படி இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தவர்தான்.

1981-ஓடு கதை முடியவில்லை. பறக்கும் வேலையில் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 58 என்று ஏர் இந்தியா வைத்திருந்ததை 2003-இல் உச்ச நீதிமன்றம் சரி என்றது. கேபின் மேற்பார்வையாளர் பதவி ரொம்ப காலம் ஆண்களுக்கு மட்டும் என்றே இருந்தது. 2005-இல் பெண்களுக்கும் திறந்துவிட்டபோது, கூட வேலை பார்த்த ஆண்களே கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் தோற்றது 2011-இல்.