முன்பாரம், பின்பாரம்: கரிசல் மண்ணில் இழுவையின் வரலாறு

கரிசல் காட்டின் வரலாற்றைப் பருத்தியின் வரலாறாகவும் பஞ்சத்தின் வரலாறாகவும் நாம் வாசித்திருக்கிறோம். விளைந்த பருத்தியைக் காட்டிலிருந்து இழுத்து வந்தது எது, அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துச் சம்சாரிக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வியாக இருந்தது.

முதலில் மண்ணைச் சொல்ல வேண்டும். கரிசல், மழையில் உப்பிப் பசையாகும். வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் சக்கரத்தில் அப்பிய மண் வண்டியைவிடக் கனக்கும். கெட்டியான சாலையில் ஒரு டன் பாரத்தை உருட்டிச் செல்ல ஏறத்தாழ முப்பது கிலோ இழுப்பு போதும். இளகிய மண்ணில் அது நூறு, இருநூறு என்று ஏறிவிடும். நாள் முழுதும் உழைக்கும் காளை, தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தொடர்ந்து இழுக்கும். நானூறு கிலோ எடையுள்ள இரு காளைகள் சேர்ந்தால் எண்பது கிலோ. சாலையில் ஓடிய வண்டி காட்டில் ஏன் நின்றது என்பதற்கு இந்தக் கணக்கே விடை. நல்லவேளையாக மானாவாரிப் பருத்தி வெடிப்பது மண் இறுகிய மாசி, பங்குனியில்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்பட்டது. 1876இல் மதுரை - தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்படும்வரை அப்பருத்தி துறைமுகம் சேர்ந்தது மாட்டுவண்டிகளில்தான். ரயில் வந்த பிறகும் காட்டிலிருந்து நிலையம்வரையிலான தூரம் காளைகளிடமே இருந்தது.

அந்தக் காளைகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? மாட்டுத்தாவணியில் தரகரின் துண்டுக்குள் விரல்கள் விலை பேசும் காட்சியை நாம் கதைகளில் வாசித்திருக்கிறோம். அதற்கு முன்பே நடந்துவிடும் சோதனைதான் முக்கியம். பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள், சுழி பார்ப்பார்கள், குளம்பைத் தட்டிப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். சுழியில் நம்பிக்கை பாதி. நடையில் இருப்பதோ முழு அறிவு. தனித்துப் பலசாலியான காளை, ஜோடி சேராவிட்டால் பயனில்லை. வலுத்தது முந்த, இளைத்தது பிந்த, நுகத்தடி கோணும், கழுத்து புண்ணாகும்.

காளை நன்றாக அமைந்தாலும் வேலை முடியவில்லை. பாரத்தை வண்டியில் எப்படி வைப்பது என்பது தனிக்கலை. அச்சுக்கு முன்னால் எடை கூடினால் முன்பாரம். நுகத்தடி காளைகளின் கழுத்தை அமுக்கும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். சற்றே முன்பாரமாக வண்டி நிற்க வேண்டும் என்பது வண்டிக்காரர் அறிந்த விதி. சரிவில் இறங்கும்போது இழுப்பவனைப் பாரம் தள்ளும் என்பதும் அவருக்குத் தெரியும். இழுக்கத் தெரிந்த காளையைவிடத் தாங்கி நிறுத்தத் தெரிந்த காளைக்கு மதிப்பு கூடியதன் காரணம் அதுவே.

இரும்புப் பட்டாவுக்குப் பதில் காற்றடைத்த டயர் வந்தபோது அதே ஜோடி கூடுதல் பாரத்தை இழுத்தது. பிறகு டிராக்டர் வந்தது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. காளையின் இடத்தைக் குதிரைத்திறன் என்ற எண் பிடித்தது. டிராக்டருக்கும் முன்பாரம் உண்டு. டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு கொக்கியில் அமர்ந்தால்தான் பின்சக்கரம் மண்ணைப் பற்றும்; அளவு மீறினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் இல்லாததால், சரிவில் பாரம் தள்ளும் பழைய ஆபத்தும் கூடவே வந்தது. எண்ணை மட்டும் நம்பியவர்கள் இதை விபத்துகளில் கற்றார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தவறாகத் தேர்ந்த காளையை அடுத்த தாவணியில் நட்டத்துக்கேனும் விற்கலாம். கடனில் வாங்கிய இயந்திரம் மழை பொய்த்த ஆண்டிலும் தவணை கேட்கும். ஒரே பருவமழையை நம்பிய மண்ணில், ஆண்டு முழுதும் வேலை இருந்தால்தான் கட்டுபடியாகும் பொருளை வாங்குவது பெரிய பந்தயம். 1972இல் கோயம்புத்தூர்த் தெருக்களை மாட்டுவண்டிகளால் நிறைத்த விவசாயத் தலைவர் நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் காலமானது கோவில்பட்டியில். மின்கட்டணத்தோடு விவசாயக் கடனும் அவர் போராட்டங்களின் பொருளாக இருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

2005இல் டாடா ஏஸ் வந்தது. மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டார்கள். இழுவையை இன்னும் விலங்காகவே நம் மொழி எண்ணுகிறது. தீப்பெட்டிப் பண்டல் ஏற்றுபவருக்கு எடையைவிட இடம் முக்கியம். பருத்திப் பொதி ஏற்றுபவருக்கோ 170 கிலோ பொதி ஒவ்வொன்றும் கணக்கு. ஆகவே இருவருக்கும் ஒரே வண்டி பொருந்தாது. அமெரிக்காவில் சக்கர வீட்டை இழுக்கப் பிக்கப் வாங்குபவர்களுக்கும், மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும் என்றே வழிகாட்டுகிறார்கள். நம் வண்டிக்காரர் ‘முன்பாரம்’ என்றதும் இதைத்தான்.

கரிசலின் வழக்குச் சொற்களை அகராதியாக்க முனைந்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவர் சேர்த்தவை வெறும் சொற்கள் அல்ல என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் நமக்குப் புரிகிறது. வண்டி போய்விட்டது, பாரம் போகவில்லை. எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதற்கு முன், எதை, எந்த மண்ணில், எந்தச் சரிவில், யாருடைய கடனில் என்று கேட்ட ஒரு தலைமுறையின் அறிவை, அந்தச் சொற்களோடு சேர்த்து நாம் காப்பாற்றியாக வேண்டும்.