இபிஎப் பணத்தில் கடை வாங்க முடியுமா? கெலுகோர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பினாங்கு, கெலுகோரில் ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷா நெடுகிலும் கடைவரிசைகள் உண்டு. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அருகில் இருப்பதால் உணவகம், முடிதிருத்தகம், நகலகம் என எப்போதும் ஏதாவது ஒரு வியாபாரம் நடந்துகொண்டே இருக்கும். இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் வாடகைக் கடையில் தொழில் செய்தவர்களும், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிறவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இபிஎப்பில் உள்ள பணத்தை எடுத்து ஒரு கடையை வாங்கிவிட்டால், கடைசிக் காலம் வரை வாடகை வருமே?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் கதையும் இந்த ஆசையைத் தூண்டுகிறது. அங்கே குடும்பத்தினர் தங்கள் ஓய்வுகால நிதியைத் தாங்களே நிர்வகிக்கலாம். ஒரு நிதியில் 6 உறுப்பினர் வரை சேரலாம். அந்த நிதி ஒரு கடையை வாங்கி, சந்தை வாடகைக்கு உறுப்பினரின் சொந்த வியாபாரத்துக்கே விடலாம். ஓய்வுகாலத்துக்கு மட்டுமே அது பயன்பட வேண்டும் என்பது கடுமையான விதி.

மலேசியாவில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 1951-இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி வாரியமே எல்லாருடைய சேமிப்பையும் முதலீடு செய்கிறது. லண்டன் பேட்டர்சீ மின்நிலையச் சீரமைப்பிலும், சுங்கை பூலோ ரப்பர் ஆய்வுக்கழக நிலத்தில் எழும் குவாசா டாமான்சாரா நகரிலும் இபிஎப் பணம் இருக்கிறது. அந்த வகையில் ஒவ்வொரு சந்தாதாரரும் வணிகச் சொத்தில் ஏற்கெனவே சிறு பங்கு வைத்திருக்கிறார். ஆனால் தன் பெயரில் ஒரு கடை வாங்க வேண்டும் என்றால் வழி குறுகியது.

எந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம்?

2024 மே 11 முதல், 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. ஓய்வுகாலக் கணக்குக்கு 75 விழுக்காடு, செஜாத்தெரா கணக்குக்கு 15 விழுக்காடு, பிளெக்சிபல் கணக்குக்கு 10 விழுக்காடு.

பிளெக்சிபல் பணத்தை எப்போது வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். செஜாத்தெரா கணக்கிலிருந்து வீடு வாங்க எடுக்கலாம். வீட்டுக்கடனைக் குறைக்கவும் எடுக்கலாம். ஓய்வுகாலக் கணக்கில் உள்ளதை 55 வயது வரை சொத்து வாங்கத் தொட முடியாது.

வெறும் கடை, அலுவலகம், கிடங்கு ஆகியவற்றை வாங்க வீட்டுக்கான இந்த மீட்பு கிடைக்காது. மேலே குடியிருப்புப் பகுதியுள்ள கடைவீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்ற பழைய வழக்கம் இன்றும் கைகொடுக்கும் இடம் இது. எனவே முன்பணம் கட்டுவதற்கு முன், அந்தக் கட்டடத்தின் மேல்மாடி ஆவணப்படி குடியிருப்பா, நிலப்பட்டாவில் என்ன பயன்பாடு எழுதப்பட்டுள்ளது என்பதை வழக்கறிஞரிடமும் இபிஎப் அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஒரு கணக்கு

கணக்குக்காக, கடைவீட்டின் விலை 800,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 640,000 கடன் தருகிறது. மீதி 160,000. விலைக்கும் கடனுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தோடு விலையில் 10 விழுக்காட்டைச் சேர்த்தால் 240,000. இந்தத் தொகை அல்லது செஜாத்தெரா கணக்கின் இருப்பு, இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். இருப்பு 45,000 என்றால் 45,000 மட்டும்தான். மீதி 115,000-ஐ வேறு சேமிப்பிலிருந்து கொண்டுவர வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கினால் இருவரும் தத்தம் கணக்கிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

செலவு அதோடு நிற்காது. பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் 10 லட்சம் வரை 3 விழுக்காடு. 800,000-க்கு 18,000 ரிங்கிட் ஆகிறது. வழக்கறிஞர் கட்டணம், கடன் பத்திரச் செலவு தனி. பிறகு ஆண்டுதோறும் நில வரியும், மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரியும் உண்டு. குடிமக்கள் வாங்கிய 3 ஆண்டுக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல் இல்லை. வாடகையும் வருமான வரிக் கணக்கில் சேரும்.

வாடகையா, இலாப ஈவா?

அதே 800,000 ரிங்கிட் கடைக்கு மாத வாடகை 2,800 என்றால் ஆண்டுக்கு 33,600; அதாவது 4.2 விழுக்காடு. இரண்டு மாதம் கடை காலியாக இருந்தால் 28,000, அதாவது 3.5 விழுக்காடு. பழுதுபார்ப்பும் வரியும் வங்கி வட்டியும் இதற்குள்ளிருந்தே போக வேண்டும். இபிஎப் வழங்கிய இலாப ஈவு 2023-இல் 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30 விழுக்காடு. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு ஈவு சட்டப்படி உறுதி. கடை வாடகைக்கு அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது.

கடையின் விலை ஏறலாம் என்பது உண்மைதான். சொந்த வியாபாரம் நடத்துகிறவருக்கு வாடகை உயர்வு பற்றிய கவலையும் இல்லை. ஆனால் மருத்துவச் செலவு வந்தால் கடையின் ஒரு பகுதியை மட்டும் விற்க முடியாது. இபிஎப்பில் உள்ள பணத்தை 55-க்குப் பின் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். மீதிக்கு 100 வயது வரை ஈவு கிடைக்கும்.

50 வயதில் செஜாத்தெரா பணத்தையும், 55 வயதில் முழுப் பணத்தையும் எடுக்கலாம். அப்போது கடை வாங்கத் தடையில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாரியம் 55 வயதுக்கு அடிப்படைச் சேமிப்பாக நெடுங்காலம் வைத்திருந்த 240,000 ரிங்கிட், 20 ஆண்டுகளுக்கு மாதம் 1,000 என்ற கணக்கில் வந்தது. அந்த அளவையும் கடையில் போட்டுவிட்டால், வாடகைக்காரர் காலி செய்யும் மாதத்தில் வீட்டுச் செலவுக்குக் கையில் எதுவும் இருக்காது.

கவனிக்க வேண்டியவை

வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் 1966 வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டமும் அதன் தீர்ப்பாயமும் குடியிருப்புகளுக்கானவை. மேம்பாட்டாளரிடம் தனிக் கடை வாங்குகிறவர் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தே கையெழுத்திட வேண்டும். ‘இபிஎப் பணத்தை எடுத்துத் தருகிறேன்’ என்று கட்டணம் கேட்கும் இடைத்தரகர்களை நம்பக் கூடாது. விண்ணப்பத்தை உறுப்பினரே நேரடியாகச் செய்யலாம்.

சிறு தொகை உள்ளவர்களுக்கு வேறு வழியும் உண்டு. பினாங்கின் கெர்னி பிளாசா, குயின்ஸ்பே மால் போன்ற பேரங்காடிகளை வைத்திருக்கும் சொத்து முதலீட்டு அறக்கட்டளைகளின் அலகுகளைப் பங்குச்சந்தையில் சொந்தப் பணத்தில் வாங்கலாம். விலை ஏறி இறங்கும். ஆனால் வேண்டியபோது கொஞ்சமாக விற்க முடியும்.

கூட்டாகச் சேமித்துச் சொத்து வாங்குவது நம் சமூகத்துக்குப் புதியதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் அதன் முதல் தோட்டம்.  கெலுகோரில் கடை தேடுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதி அந்தப் பணத்தைத் தனியே ஒதுக்குவது. மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்த பிறகு கடையின் விலையைக் கேட்கலாம்.