கம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழின் வரலாறு

கம்ப்டியா ஏ பிளஸ் என்பது கணினிப் பழுதுநீக்கும் பணியில் புதிதாகச் சேர்வோருக்கான தகுதிச் சான்றிதழ் ஆகும். இதை வழங்கும் அமைப்பு 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கணினி விற்பனையாளர்களின் சங்கமாகத் தொடங்கப்பட்டு, 1990-இல் கம்ப்டியா எனப் பெயர் மாற்றப்பட்டது.

எந்த ஒரு நிறுவனத்தின் கணினியையும் சாராத பொதுத் தேர்வாக ஏ பிளஸ் 1993-இல் அறிமுகமானது. இதில் இரண்டு தாள்கள் உள்ளன. இன்றைய பாடத்திட்டத்தில் முதல் தாள் வன்பொருளையும் வலையமைப்பையும், இரண்டாம் தாள் இயக்குதளத்தையும் பாதுகாப்பையும் முதன்மையாகக் கொண்டவை. ஒவ்வொரு தாளிலும் அதிகபட்சம் 90 வினாக்கள் கேட்கப்படும். நேரம் 90 நிமிடங்கள்.

தொடக்கத்தில் இச்சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியானது. கணினித் தொழில்நுட்பமோ ஆண்டுதோறும் மாறிவந்தது. ஆகவே முன்னரே தேர்ச்சி பெற்றவர்களும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் எனக் கம்ப்டியா 2010 சனவரியில் அறிவித்தது. வாழ்நாள் உரிமை என நம்பித் தேர்வெழுதியவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தனர். விரைவிலேயே அம்முடிவு திருத்தப்பட்டது.

2011 சனவரி 1 முதல் பெறப்படும் சான்றிதழ்களுக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் என்ற வரம்பு விதிக்கப்பட்டது. தொடர்கல்வி மூலமோ மீண்டும் தேர்வெழுதியோ அவற்றைப் புதுப்பிக்கலாம். இதனால் டாஸ் இயக்குதளக் காலத்தில் தேர்ச்சி பெற்றவரின் சான்றிதழ் இன்றும் செல்லும். அண்மையில் பெற்றவரோ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.