சாருவின் மனம் திரையேறிய வரலாறு

ஒரு பாத்திரத்தின் அந்தரங்கப் போராட்டத்தைச் சொல்ல நாவலாசிரியனுக்கு 'அவள் நினைத்தாள்' என்ற இரண்டு சொற்களே போதுமாயிருக்க, அந்தச் சௌகரியம் சிறிதுமில்லாத சினிமாவோ, பிறந்த நாள் முதற்கொண்டு வெகுகாலம் இந்த விஷயத்தில் திண்டாடியே வந்திருக்கிறது. நாடக மேடைக்குத் தனிமொழி என்றோர் உபாயமாவது இருந்தது. 1900இல் சாரா பெர்ன்ஹார்ட் ஹாம்லெட் வேஷத்தில் தோன்றிய சிறு படத்தில் அதற்கும் இடமின்றி, வாட்போர் மட்டுமே எஞ்சியது. 1948இல் லாரன்ஸ் ஒலிவியர் தாமே இயக்கி நடித்த 'ஹாம்லெட்'டில், உதடுகள் மூடியிருக்க, இளவரசனின் சிந்தனை அவன் குரலிலேயே பின்னணியில் ஒலித்தது. நிலைக்கண்ணாடியிலிருந்து மனச்சாட்சி எழுந்து கதாநாயகனை இடித்துரைக்கும் நம் தமிழ்ப் படச் சம்பிரதாயமும் இதே தேவையில் பிறந்ததுதான். இவையெல்லாம் மனத்தைப் பேசவைத்த முயற்சிகள். பேசாமலே மனத்தைக் காட்டிய பெருமை, என் துணிபில், 1964இல் வெளிவந்த 'சாருலதா'வுக்கே உரியது.

இரவீந்திரநாத தாகூர் 1901இல் எழுதிய 'நஷ்டநீட்' என்ற குறுநாவலே அதற்கு மூலம். பத்திரிகை நடத்துவதே வாழ்வாகிவிட்ட பூபதியின் இல்லத்தில், குறையென்று சொல்ல ஒன்றுமில்லாமலே தனித்துப்போன இளம் மனைவி சாரு, அங்கு வந்து தங்கும் அமலிடம் தன் மனம் சாய்வதைத் தானே அறியாதிருக்கிறாள். இதைப் படமாக்கப் புகுந்த சத்யஜித் ராய், ஆரம்பத்தில் சில நிமிஷங்களுக்கு ஏறக்குறையப் பேச்சே இன்றிக் கதையை நடத்துகிறார். கைக்குட்டையில் கணவன் பெயரின் முதலெழுத்தைத் தைத்து முடித்த சாரு, கைப்பிடி வைத்த சிறு தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடி, தெருவில் போகும் குரங்காட்டியையும், பல்லக்கையும், குடை பிடித்த பருத்த மனிதரையும் சிறுமியைப் போல் பின்தொடர்ந்து பார்க்கிறாள். சற்றைக்கெல்லாம், புத்தகத்தில் ஆழ்ந்தவாறு தன்னைக் கவனியாமலே கடந்துபோகும் கணவனையும் அதே கண்ணாடியை உயர்த்தியே பார்க்கிறாள். ஒரே வீட்டில் வாழும் புருஷனைத் தூரத்து வஸ்துவைப் போல் காண நேர்ந்த அவள் நிலையை இதைவிடத் துலக்கமாக எந்த வசனம் சொல்லிவிடும்?

அந்தக் கண்ணாடி பின்னர்த் தோட்டத்து ஊஞ்சலிலும் அவள் கையில் இருக்கிறது. அயல்வீட்டு ஜன்னலில் குழந்தையோடு நிற்கும் தாயைக் கண்டு, அதைப் புல்வெளியில் எழுதிக்கொண்டிருக்கும் அமலின் பக்கம் திருப்பும்போது, சாருவாக நடிக்கும் மாதவி முகர்ஜியின் முகத்தில் குறும்பு மெல்ல மெல்லத் திகைப்பாகிறது. தன் மனத்தை அவள் முதன்முதலில் கண்டுகொள்ளும் கணம் அதுவே. பிறகு தன் கட்டுரை அச்சேறியதும், வெற்றி கொண்டாடுபவளைப் போல் வந்து பத்திரிகையால் அமலை அடித்தவள், மறுகணமே அவன்மேல் சாய்ந்து விம்முகிறாள். அகங்காரமும் ஆசையும் அங்கே ஒன்றையொன்று வெல்ல இயலாமல் நிற்கின்றன.

மூலத்திலிருந்து விலகியதாகக் கண்டனம் எழுந்தபோது, ராய் அதற்கு விரிவாகவே பதில் எழுதினார். தாகூரின் முடிவில் பூபதி மைசூருக்குப் புறப்படத் துணிகிறான், சாரு உடன்செல்ல மறுக்கிறாள். படத்திலோ மைசூரே இல்லை. ஆயினும் சம்பவங்களை மாற்றிய ராய், சாருவின் மனத்தை மாற்றவில்லை. இந்த வழக்கில் என் தீர்ப்பு அவர் பக்கமே. ஐயமுள்ள வாசகர்கள் முதலில் குறுநாவலை வாசித்துவிட்டு, அதன் சூடு ஆறுமுன் படத்தைப் பார்ப்பார்களாக.