தென்காசித் தனித்தொகுதி: ஆச்சி சொன்ன சின்னங்களின் வரலாறு

எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தென்காசி நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எம்.ஏ. தமிழ் படித்த என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். "மொதல்ல ரெட்டக்காள. பெறவு பசுவும் கன்னும். பெறவு ரொம்ப நாளு கை. ஒரு தடவ சைக்கிளு. அதுக்குப் பெறவு எல, அருவா, மறுபடி எல." அவ்வளவுதான். ஜெயித்த ஆள் ஒருவர் பேரும் வராது. "ஆளு யாருன்னா எனக்கென்னல தெரியும், சின்னத்தச் சொன்னாவ, போட்டேன்" என்பாள். சூரியன் ஜெயித்த 2019ஐப் பார்க்க அவள் இல்லை.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் பின்னாடி ஆண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன், வரிசை அப்படியே பொருந்துகிறது. என்னை உறுத்தியது வேறு. 1967 தேர்தல் முதல் தென்காசி தனித்தொகுதி. அதாவது அன்றிலிருந்து ஜெயித்தவர் எல்லோரும் பட்டியல் சாதியார், ஏதோ ஒரு சேரியில், ஏதோ ஒரு குடித்தெருவில் வேர் உள்ளவர்கள். நம்ம சனத்தின் பிரதிநிதி என்று சட்டம் சொல்கிற ஆளின் பேர், வயக்காட்டில் நாற்று நட்டுக் குறுக்கு ஒடிந்த ஒரு கிழவிக்கு அரை நூற்றாண்டில் ஒரு தடவைகூடத் தெரியாமல் போனது எப்படி?

எங்க ஊர் சிற்றாற்றங்கரை. குற்றாலத்தில் விழுந்து, தென்காசியைத் தொட்டு, குளங்களை நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிற ஆறு. தண்ணி எல்லோருக்கும் ஒன்றாகத்தான் ஓடுகிறது, வயலும் மடையும் வேறு ஆட்களுடையது. ஊரில் ஓட்டுச்சாவடி பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடம் ஊருக்குள்ளே. ஆச்சி வருசம் பூரா செருப்பில்லாமல் ஒதுங்கி நடந்த தெரு வழியாகத்தான் அன்றைக்கும் ஓட்டுப் போடப் போக வேண்டும்.

1952ல் தென்காசி என்று தொகுதி இல்லை. சங்கரநயினார்கோவில் தொகுதியில் எம். சங்கரபாண்டியன் காங்கிரசில் நின்று ஜெயித்தார். 1957ல் தென்காசித் தொகுதி வந்தது, அவரே மறுபடி. 1962ல் எம்.பி. சுவாமி, அவரும் காங்கிரஸ். இந்தக் காலத்தில் நாம் கவனிக்க வேண்டியது பக்கத்துத் தொகுதியை. 1957ல் திருவில்லிபுத்தூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. பொதுவுக்கு ஒருவர், நமக்கு ஒருவர். அங்கே ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் டெல்லிக்குப் போனார்கள்: ஒருவர் உ. முத்துராமலிங்கத் தேவர், இன்னொருவர் காங்கிரசின் ஆர்.எஸ். ஆறுமுகம். அதே வருசம் செப்டம்பர் 11ந் தேதி பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரே வாக்குப்பெட்டிக்குள் இரண்டு தரப்பும் சமமாக இருக்கலாம் என்று சட்டம் எழுதிய வருசம், சமமாக உட்கார்ந்து பேசியதற்காக ஒருவரைக் கொன்ற வருசம்.

இரட்டை உறுப்பினர் முறையை 1961ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தனித்தொகுதிகள் தனியாகப் பிரிக்கப்பட்டன. 1967ல் தென்காசி தனித்தொகுதியானபோது ஜெயித்தவர் அதே ஆர்.எஸ். ஆறுமுகம். தமிழ்நாடு முழுக்க தி.மு.க. கூட்டணி அலையடித்து, காங்கிரசுக்கு மூன்றே மூன்று எம்.பி.கள் மிஞ்சிய தேர்தல் அது. அந்த மூன்றில் ஒன்று தென்காசி. 1971ல் ஏ.எம். செல்லச்சாமி. 1977லிருந்து எம். அருணாசலம்: 77, 80, 84, 89, 91 என்று ஐந்து முறை காங்கிரசில், 1996ல் ஆறாவது முறை தமிழ் மாநிலக் காங்கிரசில், ஆச்சி சொன்ன அந்தச் சைக்கிளில். மத்திய அமைச்சராகவும் இருந்தார். இருபது வருசத்துக்கு மேல் ஒரே எம்.பி., ஆச்சிக்கோ கைதான் தெரியும். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவரை நிறுத்தியது யார், அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது யாருக்கு என்பதுதான் கேள்வி.

பழைய வழக்குதான் இது. 1932ல் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரண்டு ஓட்டுக் கொடுத்தது: நம்ம ஆளை நாம் மட்டுமே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத் தொகுதியில் ஒன்று. காந்தி எரவாடாவில் உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24ல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு ஓட்டுப் போய், இடங்களின் எண்ணிக்கை கூடியது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30 இடம். ஒரே ஒரு பிடிமானத்தை விட்டு வைத்தார்கள்: முதலில் நம்ம ஓட்டாளர்கள் மட்டும் நாலு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்த நாலு பேரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அந்த முதல் சல்லடையும் இல்லாமல் போனது. இன்றைக்குத் தனித்தொகுதி என்றால் நிற்கிறவர் பட்டியல் சாதியாராக இருக்க வேண்டும், அவ்வளவே. இன்னார் நிற்கட்டும் என்று சொல்கிற உரிமை கட்சி அலுவலகத்திலும், ஜெயிக்க வைக்கிற பலம் ஊருக்குள்ளேயும் இருக்கிறது. பட்டியல் சாதி மக்கள் ஒப்பீட்டளவில் கூடுதலாக உள்ள இடமாகப் பார்த்துத்தான் தொகுதியை ஒதுக்குகிறார்கள் என்றாலும் தென்காசியில் நாம் பாதிகூட இல்லை. அம்பேத்கரே 1952ல் பம்பாயில் ஓர் இரட்டை உறுப்பினர் தொகுதியில் நின்று, காங்கிரஸ் நிறுத்திய இன்னொரு தலித்திடம் தோற்றார். 1955ல் அவருடைய பட்டியல் சாதியினர் சம்மேளனம், சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இந்த ஒதுக்கீடே வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. இதை நம்மில் பலர் வசதியாக மறந்துவிடுகிறோம்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது பிறகு. முதலில் பார்த்தது ஜீப்பில். ஒரு தேர்தலில் பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் எங்க ஊருக்கு வந்தார். ஊர்க் கோயில் முன்னால் இறங்கிக் கும்பிட்டு, ஆரத்தி வாங்கி, அரை மணி நேரம் பேசினார். எங்க தெருமுனையில் ஜீப் நின்றது, அவர் இறங்கவில்லை. இறங்கப் பார்த்தவரைப் பக்கத்தில் இருந்த ஒன்றியப் பொறுப்பாளர் கையைப் பிடித்து, "நேரமாச்சி, இவுக நம்ம ஓட்டுதான்" என்று உட்கார வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்க அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். வேட்பாளர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த முகத்தில் இருந்தது திமிர் இல்லை, கூச்சம். அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இந்த ஜீப்பை விட்டு இறங்கி நடக்கப் பார்த்த முயற்சியும் இதே மண்ணில்தான் நடந்தது. 1995 ஆகஸ்ட் 31ல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுவீடாக அடித்து நொறுக்கியது. மறு வருசம் ஓட்டப்பிடாரம் சட்டமன்றத் தனித்தொகுதியில் டாக்டர் க. கிருஷ்ணசாமி ஜெயித்தார். இரண்டு பெரிய கழகங்களையும் எதிர்த்து நின்ற வெற்றி. (அப்போதும் சின்னம் நம்முடையது இல்லை, ஜனதா கட்சியுடையது.) பிறகு புதிய தமிழகம் வந்தது. 1998ல் அவர் தென்காசியில் நின்றார். 1999 ஜூலை 23ல் மாஞ்சோலைத் தொழிலாளர் கூலிக்காகவும் சிறையில் கிடந்தவர்கள் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணியில் 17 உயிர் போனது, ஒரு கைக்குழந்தையும் சேர்த்து. எங்க சித்தப்பா அந்த ஊர்வலத்தில் போனவர். நனைந்த வேட்டியோடு ராத்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் விடிகிறவரை வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயசு.

அந்தச் செப்டம்பரிலேயே நாடாளுமன்றத் தேர்தல். ஆச்சி சொன்ன வரிசையில் வராத ஒரு ஓட்டை அவள் போட்டது அந்தத் தேர்தலில்தான் என்று சித்தப்பா சொல்வார். தென்காசியில் கிருஷ்ணசாமி லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். ஜெயிக்கவில்லை. அ.தி.மு.க.வின் எஸ். முருகேசன் பா.ஜ.க. வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் முந்தினார். ஆற்றில் பிணம் மிதந்த இரண்டே மாதத்தில், நம்ம ஓட்டு மூன்றாவது இடத்தில் மொத்தமாகக் கிடந்தது.

அதற்குப் பிந்திய கதை வேகமானது. 2004ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம். அப்பாதுரை தி.மு.க. அணியில், 2009ல் அதே கட்சியின் பொ. லிங்கம் அ.தி.மு.க. அணியில், 2014ல் அ.தி.மு.க.வின் வசந்தி முருகேசன், 2019ல் தி.மு.க.வின் தனுஷ் குமார், 2024ல் தி.மு.க.வின் மருத்துவர் ராணி ஸ்ரீகுமார். இந்தத் தேர்தல்கள் ஒவ்வொன்றிலும் கிருஷ்ணசாமி நின்றார். 1998லிருந்து ஏழு முறை, ஏழும் தோல்வி. தனியாக நின்று பார்த்தார், 2014ல் தி.மு.க. அணியில் நின்று பார்த்தார், 2019ல் இரட்டை இலையிலேயே நின்று பார்த்தார். 2024ல் அவர் இலையில், ஜான் பாண்டியன் தாமரையில். அதே சமூகத்தின் இரண்டு தலைவர்கள், இரண்டு இரவல் சின்னம், ஜெயித்தது மூன்றாவது சின்னம்.

சிதம்பரத்தைப் பாருங்கள் என்பார்கள் நண்பர்கள். பார்த்தேன். தொல். திருமாவளவன் 1999லும் 2004லும் தோற்று, 2009ல் ஜெயித்தார். 2019ல் பானைச் சின்னத்தில் நின்று 3,219 ஓட்டில்தான் கரையேறினார். அதே தேர்தல், அதே அணி, அவருடைய கட்சியின் ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்று 1,28,000க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டும் தனித்தொகுதி. தொகுதி வேறு, எதிர்த்து நின்றவர் வேறு என்று கணக்கில் கழித்துக் கொண்டாலும், நம்ம சின்னத்தில் விரல் வைக்க ஊர் எவ்வளவு தயங்குகிறது என்று தெரிகிறது. ஆனாலும் அவர்கள் பானையை விடவில்லை. 2024ல் இரண்டு தொகுதியிலும் பானையே ஜெயித்தது. தென்காசியில் அந்தப் பொறுமை யாருக்கும் இல்லாமல் போனது. தேர்தலுக்குத் தேர்தல் அணி மாறினால், தெருவில் இருக்கிறவன் எதை நம்பி நிற்பான்?

இப்போது இன்னொரு முடிச்சு. 2021ல் நாடாளுமன்றம் ஏழு பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரில் கொண்டுவந்தது. பெயர் மாறியது, பட்டியல் மாறவில்லை. பட்டியலிலிருந்தே வெளியேற வேண்டும் என்கிறார் கிருஷ்ணசாமி. இழிவைத் துடைக்கும் ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் பட்டியலை விட்டு வெளியேறிய மறுநாள் தென்காசியில் அவர் வேட்புமனுவே போட முடியாது. பட்டியலில் மிச்சம் இருக்கிற அருந்ததியரும் பறையரும் என்ன ஆவார்கள்? சங்கரன்கோவில் பக்கம் நக்கலமுத்தன்பட்டியில் அருந்ததியர் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவரானதற்கு 2006 நவம்பரில் உயிரைக் கொடுத்தார். அவர் ஊரும் இந்தத் தனித்தொகுதிக்குள்தான். அந்தத் தெருக்காரர் எவரையும் இதுவரை எந்தப் பெரிய கட்சியும் இங்கே வேட்பாளராக யோசித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஏழு தனித்தொகுதி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, மதுரை, ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி எல்லாம் சேர்த்து, தென்காசி ஒன்றே ஒன்றுதான். இதை விட்டால் தெற்கில் நமக்கு டெல்லியில் சட்டப்படி உறுதியான நாற்காலி கிடையாது. அதனால்தான் இதை வேண்டாம் என்று எறியவும் மனசு வரவில்லை, இருக்கிறது என்று நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை. இந்த ஒதுக்கீட்டின் ஆயுளும் இப்போதைக்கு 2030 ஜனவரி வரைதான்.

ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். சீட்டுப் பெட்டிக் காலத்தில் பல சாவடி ஓட்டுகளைக் கலந்து எண்ணும் வழி இருந்தது. இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு பூத்துக்கும் தனிக்கணக்கு வெளியே வருகிறது. எங்க தெரு எந்தப் பக்கம் போட்டது என்று ஊருக்கு மறுநாளே தெரியும். ஒரு தேர்தல் முடிந்த வாரம் எங்க தெருக்குழாய்க்குப் பதினோரு நாள் தண்ணி வரவில்லை, மோட்டார் ரிப்பேர் என்றார்கள். அந்தப் பூத் கணக்குகளை ஊர் ஊராகச் சேர்த்து வருகிறேன். ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி என்று ஆறு சட்டமன்றப் பகுதியிலும் உள்ள தோழர்கள் எனக்கு மூன்று விவரம் எழுத வேண்டும். உங்க சாவடி யார் தெருவில் இருக்கிறது? தெருவுக்கும் ஊருக்கும் ஒரே பூத்தா, தனித்தனியா? முடிவு வந்த வாரத்தில் உங்க தெருவில் எது நின்றுபோனது?